வழுவின் வேரைத் தேடி

வங்கியில் செலுத்திய பணமும் தொடர்வண்டியில் பதிவுசெய்த இருக்கையும் இன்று தரவுத்தளங்களில் குடியிருக்கின்றன. "எழுதியாயிற்று" என்று தரவுத்தளம் அறிவித்துவிட்டால் அது எழுதப்பட்டே இருக்கவேண்டும். அச்சொல் பொய்த்தால் என்னாகும்? 2018 மார்ச்சுத் திங்களில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தள மென்பொருளை உருவாக்குவோர்முன் இவ்வினா வந்து நின்றது.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1986இல் தொடங்கிய ஆய்வுத் திட்டத்திலிருந்து வளர்ந்த கட்டற்ற மென்பொருள் அது. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம். குறை கண்டால் முறையிடலாம். ஆனால், முறையிடுவதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. "வேலை செய்யவில்லை" என்பது வெறும் புலம்பல். எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், தொடக்கம் முதல் இட்ட கட்டளைகள் எவை, எதிர்பார்த்தது என்ன, கிடைத்தது என்ன என்பவற்றைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதவேண்டும். ஊகத்தைவிட, அதே வழுவைப் பிறரும் தம் கணினியில் வரவழைத்துப் பார்க்க உதவும் சிறு சோதனையே பயன்மிக்கது.

2018இல் வந்த முறையீடு அத்தகையது. பயனர் ஒருவரின் சேமிப்பகத்தில் பிழை நேர்ந்தது. பின்னர் அவருடைய தரவு சிதைந்திருந்தது. வட்டு பழுதானால் தரவு சிதைவது இயல்புதானே என்று விட்டிருக்கலாம். ஆய்ந்தவர் விடவில்லை, எழுதும்போது பழுது நேர்வதுபோல் செயற்கையாகச் செய்து, நடப்பதைக் கவனித்தார்.

போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் ஒரு குறிப்பேட்டுக் கோப்பில் பதிகிறது. பிறகு உரிய கோப்பில் எழுதும்படி இயங்குதளத்திடம் ஒப்படைக்கிறது. இயங்குதளம் அதைச் சிறிது நேரம் நினைவகத்தில் வைத்திருக்கும். "வட்டில் சேர்த்துவிட்டாயா?" என்று கேட்கும் அழைப்பே எஃப்சிங்க். "சேர்த்தேன்" என்ற விடை கிடைத்தால், பழைய குறிப்புகளுக்குத் தேவையில்லை, அவற்றைக் கழித்துவிடலாம்.

எஃப்சிங்க் தோல்வியுற்றால் போஸ்ட்கிரெஸ் அன்று மீண்டும் கேட்டுவந்தது. தோற்றால் மறுபடி முயல்வது நியாயமாகவே தோன்றும். லினக்ஸோ, எழுத முடியாத பக்கங்களையும் எழுதி முடித்தவையாகக் குறித்துக்கொண்டது. பிழையை ஒருமுறை மட்டும் தெரிவித்தது. ஆகவே இரண்டாம் முறை கேட்டபோது "வெற்றி" என்றது. வட்டில் தரவு இல்லை. அதை மீட்க உதவும் குறிப்புகளும் கழிக்கப்பட்டன! பழுது இரண்டு மென்பொருள்களும் ஒன்றையொன்று புரிந்துகொண்ட விதத்தில் இருந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அது புலப்படாமல் இருந்ததில் வியப்பில்லை. வட்டு எழுதத் தவறும் நொடியை யாரும் அடிக்கடி காண்பதில்லை.

யார்மீது குற்றம் என்னும் விவாதம் நீண்டது. தீர்வு 2019 பிப்ரவரியில் 11.2 முதலிய பதிப்புகளில் வெளிவந்தது. எஃப்சிங்க் ஒருமுறை தோற்றாலே போஸ்ட்கிரெஸ் மறுமுயற்சி செய்யாமல் தன் இயக்கத்தை உடனே நிறுத்திக்கொள்ளும்; மீண்டும் தொடங்கும்போது குறிப்பேட்டைப் படித்து, விடுபட்ட மாற்றங்களைப் புதிதாக எழுதும்.