சபீனாவின் காளானும் 25 மில்லிகிராம் மாத்திரையும்

மெக்சிகோவின் ஒஹாக்கா மாநிலத்தில் ஊவாட்லா என்றொரு மலையூர். அங்கே மசடெக் பழங்குடி வைத்தியர் மரியா சபீனா போதைக் காளானைக் கையில் எடுப்பது யாருக்காவது உடம்பு முடியாதபோதுதான். இரவில் காளான்களை ஜோடி ஜோடியாகக் கொடுப்பார், தானும் தின்பார். விளக்கை அணைத்துவிட்டு விடியும்வரை பாடியபடி நோயாளியின் பக்கத்திலேயே இருப்பார்.

1955 ஜூனில் அந்தச் சடங்கில் உட்கார்ந்த நியூயார்க் வங்கியாளர் கார்டன் வாசன், 1957இல் 'லைஃப்' இதழில் அதைப் பற்றி எழுதினார். சபீனாவின் பெயரை மாற்றித்தான் எழுதினார். என்ன பயன்? ஹிப்பிகள் திரண்டு வந்தார்கள், பின்னாலேயே போலீசும் வந்தது. சபீனாவின் வீடும் கொளுத்தப்பட்டது. வெளியார் வந்தபின் காளானின் சக்தியே போய்விட்டது என்று நொந்துகொண்ட அவர், 1985இல் வறுமையில் இறந்தார்.

காளானிலிருந்து அந்தப் போதையைத் தரும் சைலோசைபினைப் பிரித்தெடுத்தவர் சுவிஸ் வேதியியலாளர் ஆல்பர்ட் ஹோஃப்மன், ஆண்டு 1958. நம் மூளையில் சுரக்கும் செரட்டோனினைப் போல இதுவும் டிரிப்டமைன் வகை வேதிப்பொருள். உடலுக்குள் போனதும் இதிலுள்ள பாஸ்பேட் கழன்று சைலோசின் ஆகிறது. செரட்டோனின் உட்காரும் ஏற்பிகளில் அது போய் உட்கார்ந்துகொள்கிறது. நான்கைந்து மணி நேரம் பார்வையும் காலமும் குழம்புகின்றன. காளானை நசுக்கினால் நீலம் பாய்வதும் சைலோசின் காற்றுப் பட்டு மாறுவதால்தான். 1962இல் ஹோஃப்மன் சைலோசைபின் மாத்திரையோடு ஊவாட்லா போனார். போட்டுப் பார்த்த சபீனா, காளானின் ஆவி இதிலும் இருக்கிறது என்றாராம். எந்த ஆய்வகச் சான்றிதழையும்விட இது பெரிது என்பேன்.

1970இல் அமெரிக்கா தடை போட, ஆராய்ச்சி முடங்கியது. இன்று அதே பொருள் தீராத மனச்சோர்வுக்கு மருந்தாகச் சோதிக்கப்படுகிறது: 25 மில்லிகிராம், கண்ணுக்குக் கட்டு, காதில் இசை, பக்கத்தில் பயிற்சி பெற்ற ஒருவர். சபீனா செய்ததும் ஏறக்குறைய இதுதானே! 2023 ஜூலை முதல் ஆஸ்திரேலியாவில் அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் இதை எழுதிக்கொடுக்கலாம்.

இதையெல்லாம் படித்துவிட்டுக் கொடைக்கானலில் போதைக் காளான் தேடிக் கிளம்பாதீர்கள். இந்தியாவில் சைலோசைபின் தடைசெய்யப்பட்ட பொருள், பிடிபட்டால் சிறை. காட்டுக் காளானில் ஆளைக் கொல்லும் வகைகளும் உண்டு. மனச்சோர்வு வாட்டினால் மருத்துவரிடம் போங்கள்.