இரவில் ஒரு பக்கம் மட்டும் பாடும் பெட்டி

போன மார்கழியில், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தன் ஆம்ப்ளிஃபையரைத் துணிப்பையில் சுமந்துகொண்டு என் கடைக்கு வந்தார். "பகல்ல நல்லாத்தான் பாடுது தம்பி. ராத்திரி குறைச்சு வச்சா வலது பக்கம் அடங்கிப்போகுது. பேசாம டிஜிட்டல் வால்யூம் உள்ளதா புதுசு ஒண்ணு வாங்கிடட்டுமா?" என்றார். அவர் வீட்டம்மா 9 மணிக்கே படுத்துவிடுவார். அதற்குப் பிறகுதான் ஐயா நாதசுரம் கேட்பது.

"கொஞ்சம் பொறுங்க ஐயா, பாத்துடலாம்" என்று மூடியைக் கழற்றினேன். 27 வருடமாக ஆம்ப்ளிஃபையர் கட்டியும் பழுது பார்த்தும் வருகிறேன். உரக்கப் பாடும்போது எல்லா வால்யூம் கன்ட்ரோலும் நல்லதுதான். அதன் லட்சணம் மெல்ல வைத்துக் கேட்கும்போது தெரிந்துவிடும்.

பழைய டப்பாவில் கிடந்த கன்ட்ரோல் ஒன்றைப் பிரித்து அவருக்குக் காட்டினேன். உள்ளே குதிரை லாடம் மாதிரி வளைந்த கரித்தடம். அதன்மேல் மெல்லிய உலோக விரல் ஒன்று தேய்ந்து தேய்ந்து, பளபளவென்று கோடு விழுந்திருந்தது. ஸ்டீரியோ என்பதால் இரண்டு தடங்கள், ஒரே தண்டில். இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று.

இந்தத் தடத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. நம் காதுக்குச் சத்தம் இரண்டு மடங்காகப் பட வேண்டுமானால், ஸ்பீக்கருக்குப் போகும் சக்தி ஏறக்குறைய 10 மடங்காக வேண்டும். அதனால் குமிழைத் திருப்பத் திருப்ப மின்தடை முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் ஏறும்படி தடத்தை அமைக்கிறார்கள். கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலும் ஏ என்று குத்தியிருப்பது இந்த வகை. பி என்றால் ஒரே சீராக ஏறும். அவசரத்துக்கு பி-யைப் போட்டுவிட்டால் கால் சுற்றுக்குள்ளேயே சத்தம் மளமளவென்று ஏறிவிடும். விலை மலிவான ஏ வகையில், வெவ்வேறு தடை கொண்ட கரிப்பூச்சுகளை ஒட்டவைத்துத்தான் அந்த வளைவைக் கொண்டுவருகிறார்கள். இரண்டு தடத்திலும் அந்தப் பூச்சு அச்சாக ஒன்றுபோல் அமைவதில்லை.

ஐயாவின் பெட்டியில் கன்ட்ரோலின் கம்பிகளைப் பிரித்து, அவர் இரவில் வைக்கும் இடத்தில் மீட்டரை வைத்தேன். இடது 1,200 ஓம், வலது 400 ஓம். கிட்டத்தட்ட 10 டெசிபல் வித்தியாசம். காதுக்கு அது பாதிச் சத்தம். பாதிச் சுற்றுக்குத் திருப்பினேன். 15,000, 14,500. எந்தக் காதாலும் பிரித்தறிய முடியாத வித்தியாசம். பகலில் நன்றாகப் பாடியதன் காரணம் இதுதான்.

சரி, டிஜிட்டல்? அதில் இந்தக் கோணல் கிடையாது. பாட்டு எண்களாக இருக்கும்போதே, இரண்டு பக்கத்தையும் ஒரே எண்ணால் பெருக்கிச் சிறிதாக்குகிறார்கள். ஆனால் குறுந்தகட்டுப் பாட்டு 16 பிட், அதாவது 65,536 படிகள். 6 டெசிபல் குறைக்கும்போதெல்லாம் ஒரு பிட் போகும். 30 டெசிபல் குறைத்தால் 2,048 படிகள்தான் மிச்சம். டிஜிட்டலில் குறைத்தால் பாட்டு கெடும் என்ற பேச்சு அந்தக் காலத்துக் கருவிகளால் வந்தது. இன்று 24 பிட்டில் கணக்குப் போடுகிறார்கள். கூடுதலாக உள்ள 8 பிட், 48 டெசிபல் வரைக்கும் தாங்கும். படிகளை எண்ணிப் பயப்பட வேண்டியதில்லை.

பயப்பட வேண்டியது இரைச்சலுக்கு. எண்ணை மின்சாரமாக மாற்றும் ஐசி தனக்கென்று ஒரு மெல்லிய 'ஸ்ஸ்' வைத்திருக்கும். குமிழ் அதற்குப் பின்னால் இருந்தால் பாட்டோடு சேர்ந்து அந்த 'ஸ்ஸ்' சத்தமும் குறையும். டிஜிட்டலில் பாட்டு மட்டும் இறங்கும், இரைச்சல் இருந்த இடத்திலேயே நிற்கும். நல்ல ஐசியில் பாட்டுக்கும் இரைச்சலுக்கும் 120 டெசிபல் இடைவெளி. 40 குறைத்தாலும் 80 மிஞ்சும், நிம்மதியாகக் கேட்கலாம். மட்டமானதில் 95 தான் என்றால் மிஞ்சுவது 55. நாதசுரக்காரர் மூச்சு வாங்கும் இடைவெளியில் அந்த 'ஸ்ஸ்' எட்டிப்பார்க்கும்.

நடுவழி ஒன்றும் இருக்கிறது. பிடி 2258 போன்ற ஐசிகளில் ஓசை அனலாக்காகவே போகிறது, கட்டளை மட்டும் டிஜிட்டல். உள்ளே வரிசையாகத் தடைகள், மின்னணு சுவிட்சுகள். ரிமோட்டை அமுக்கினால் 1 டெசிபல் கூடும், குறையும். தடைகள் ஒரே சில்லில் பதிந்தவை என்பதால் இடமும் வலமும் கூடவே போகும். தேய்மானமும் இல்லை, கரகரப்பும் இல்லை. நடுத்தர விலையில் எனக்குப் பிடித்தது இதுதான்.

ஆனால் ஐயாவுக்கு நான் புதுப்பெட்டி எதையும் சொல்லவில்லை. அவருடையது டேப் ரெக்கார்டர் காலத்துப் பெட்டி. அரை வோல்ட்டுக்கும் குறைவாக உள்ளே வரும் என்று நினைத்துக் கட்டியது. அவர் இப்போது இணைத்திருக்கும் சிடி பிளேயர் கொடுப்பதோ 2 வோல்ட். குமிழை அசைத்தாலே வீடு அதிரும். அதனால்தான் தடத்தின் மிக மோசமான மூலையிலேயே அவர் இரவெல்லாம் நிற்க வேண்டியிருந்தது. உள்ளே வரும் வழியில் பக்கத்துக்கு இரண்டு ரெசிஸ்டர்: தொடரில் 15 கே, கிரவுண்டுக்கு 4.7 கே. வருவது கால் பங்குக்கும் சற்றுக் குறைவாகிவிட்டது. செலவு ஒரு தேநீர்க் காசு. மறுநாள் போனில் கூப்பிட்டார். "இப்ப பத்து மணி முள் நிக்கிற இடத்துல வச்சுக் கேக்குறேன் தம்பி. நாயனம் நடுவுல உக்காந்து வாசிக்குது."

செல்போனிலிருந்து புளூடூத்தில் கேட்பவர்கள் போனில் வால்யூமை ஏறக்குறைய முழுதாக வைத்து, ஆம்ப்ளிஃபையரில் குறையுங்கள். புதிதாக வாங்கப் போனால் கடைக்காரர் உரக்கப் போட்டுக் காட்டுவார். பழைய மோனோ பாட்டு ஒன்றைப் போட்டு, பேச்சுக் குரலுக்கும் கீழே குறைக்கச் சொல்லுங்கள். பாடுபவர் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவிலேயே நின்றால், பாட்டு முடிந்த அமைதியில் 'ஸ்ஸ்' கேட்காவிட்டால், டிஜிட்டலா அனலாக்கா என்று கேட்காமல் வாங்கலாம்.