பங்க் வேறு, பெட்ரோல் வேறா?

வாளையார் தாண்டினால் இந்த பங்க்கில்தான் போடணும், குமுளி மலை ஏற அந்தக் கம்பெனி பெட்ரோல்தான் ஒத்துவரும் என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. சரக்கு எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்பது வியாபாரியான என் வழக்கம்.

1966 முதல் அம்பலமுகளில் இயங்கும் கொச்சி சுத்திகரிப்பு ஆலையே இப்பகுதிக்கு முக்கிய ஊற்று. 2002இல் வந்த கொச்சி–கோவை–கரூர் குழாய் தமிழ்நாட்டுக்கும் அதே சரக்கைக் கொண்டு போகிறது. பொதுத்துறைக் கம்பெனிகள் தங்களுக்குள் சரக்கு மாற்றிக்கொள்வதும் உண்டு. எல்லாவற்றுக்கும் பொதுவான தரக்கட்டுப்பாடும் உண்டு. ஆக, சாதாரண பெட்ரோலில் பங்க்குக்கு பங்க் பேதம் பார்ப்பது, ஒரே களத்து நெல்லைச் சாக்கின் நிறம் பார்த்து விலை பேசுவது போலத்தான்.

அப்போ ஸ்பீடு, பவர், எக்ஸ்பி95 எல்லாம் சும்மாவா? அப்படியும் இல்லை. இவற்றில் அழுக்கு நீக்கும் மருந்து சேர்ப்பதாகக் கம்பெனிகள் சொல்கின்றன. அந்த மருந்தின் மூலக்கூற்றில் ஒரு முனை கரிப்படிவைப் பற்றும், மறுமுனை பெட்ரோலில் கரையும். நம்ம சோப்பு மாதிரி. அமெரிக்காவில் 1995 முதல் எல்லா பெட்ரோலிலும் இது கட்டாயம். அங்குள்ள ஏஏஏ என்னும் மோட்டார் சங்கம் 2016இல் சோதித்தபோது, மருந்து கூடுதலான 'டாப் டியர்' வகையைவிட மற்றவற்றில் படிவு சராசரி 19 மடங்கு இருந்தது. வித்தியாசம் மருந்தில் இருக்கிறது, பெயர்ப்பலகையில் இல்லை.

இரண்டு விஷயம் நினைவிருக்கட்டும். ஆக்டேன் வேறு, அழுக்கு நீக்கம் வேறு. 91 ஆக்டேனுக்குச் செய்த எஞ்சினுக்கு 95 ஊற்றினால் மலையில் இழுவை கூடிவிடாது. நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சும் எஞ்சினில் பெட்ரோல் உள்ளிழுப்பு வால்வைத் தொடுவதே இல்லை. ஆகவே மருந்து அதைக் கழுவாது. வண்டியோடு வந்த கையேட்டைப் படித்து, அது கேட்பதை மட்டும் வாங்குங்கள். மிச்சக் காசு வீட்டுக்கு ஆகும்.