முதல் ஐவரில் இடமில்லையா? பெஞ்சுக்கும் ஓர் அறிவியல் உண்டு

மாவட்டப் போட்டி நெருங்குகிறது. கூடைப்பந்துத் திடலில் பயிற்சி முடிந்ததும் பயிற்றுநர் ஐந்து பெயர்களை வாசிக்கிறார். ஆட்டத்தைத் தொடங்கப் போகிறவர்கள் அவர்கள்தாம். தன் பெயரும் வரும் என்று காத்திருந்த ஒரு மாணவனின் முகம் வாடிவிடுகிறது. “நான் சரியாக விளையாடவில்லையா, சார்?”

மாணவர்களே, இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் கணக்கும் நம் தசைகளும் சேர்ந்து பதில் சொல்கின்றன.

பங்கிட வேண்டியது 200 நிமிடங்கள்

அனைத்துலக விதிப்படி ஓர் ஆட்டம் நான்கு பகுதிகளைக் கொண்டது. ஒவ்வொரு பகுதியும் 10 நிமிடம். அணியில் 12 பேர் இருக்கலாம். திடலில் ஒரே நேரத்தில் ஐவர்தாம் ஆடலாம். ஆகவே, பயிற்றுநரின் கையில் இருப்பது 40 × 5 = 200 ஆட்ட நிமிடங்கள். அவற்றை யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்பதே அவருடைய சிக்கல்.

12 பேருக்கும் சமமாகப் பிரித்தால் ஒருவருக்கு 16 நிமிடம் 40 விநாடி கிடைக்கும். ஐவருக்கே முழுவதையும் கொடுத்தால் மற்ற எழுவருக்கும் ஒன்றுமில்லை. தொடக்க ஐவருக்குத் தலா 28 நிமிடம் கொடுத்தால் 140 நிமிடம் போக 60 நிமிடம் மிஞ்சும். அதை நால்வர் 15 நிமிட வீதம் பகிர்ந்துகொள்ளலாம். இந்த மாற்றி மாற்றி இறக்கும் திட்டத்தையே ‘சுழற்சி’ என்கிறோம். ஆள் மாற்றுவதற்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. கடிகாரம் நிற்கும் வேளையில் எத்தனை முறையும் மாற்றலாம்.

சிறந்த ஐவரையே 40 நிமிடமும் ஆடவைத்தால் என்ன?

தசையில் தீரும் எரிபொருள்

தசை சுருங்குவதற்கான ஆற்றலை ஏ.டி.பி. என்ற மூலக்கூறு தருகிறது. தசையில் இருக்கும் ஏ.டி.பி. சில விநாடிகளுக்கே போதும். அது குறையக் குறைய, பாஸ்போகிரியேட்டின் என்ற மற்றொரு பொருள் அதை உடனுக்குடன் புதுப்பிக்கிறது. எம்பிக் குதிப்பதற்கும் திடீரென்று பாய்ந்து ஓடுவதற்கும் இதுவே பெரிதும் கைகொடுக்கிறது. ஆனால், முழு வேகத்தில் ஓடினால் ஏறக்குறைய 10 விநாடிகளில் இதுவும் பெருமளவு குறைந்துவிடும். பிறகு உடல் உயிர்வளியின்றிக் குளுக்கோஸை உடைக்கும் வழியையும், உயிர்வளியோடு மெதுவாக ஆற்றல் தரும் வழியையும் கூடுதலாக நம்ப வேண்டியிருக்கும்.

ஓய்வின் சிறப்பு இங்கேதான் தெரிகிறது. குறைந்துபோன பாஸ்போகிரியேட்டினில் ஏறக்குறைய பாதி, 30 விநாடி ஓய்விலேயே திரும்பிவிடும். பெரும்பகுதி திரும்ப மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். பெஞ்சில் இரண்டு மூன்று நிமிடம் உட்கார்ந்து எழுந்த ஆட்டக்காரர் மீண்டும் உயரமாக எம்புவதற்குக் காரணம் இதுதான்.

களைத்த ஆட்டக்காரரின் பந்து கூடைக்கு எட்டாமல் முன்னாலேயே விழுவதைப் பார்த்திருப்பீர்கள். கூடையின் வளையம் 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பந்தை எறியும் விசையில் பெரும்பங்கு கால்களிலிருந்து வருகிறது. கால் தளர்ந்தால் குறியும் தவறும். தடுப்பாட்டத்தில் கால் நகராதபோது கை நீளும், தவறு விழும். ஐந்து தவறுகள் செய்தவர் அந்த ஆட்டத்திலிருந்து வெளியேற வேண்டும்.

நம் ஊர் வானிலையும் ஒரு காரணம். கிள்ளான் பள்ளத்தாக்கில் காற்றின் ஈரப்பதம் அதிகம். வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. ஈரக்காற்றில் அது மெதுவாகவே ஆவியாகும். அதனால் கூரையில்லாத பள்ளித் திடலில் ஆடுபவர் சீக்கிரம் களைத்துவிடுவார். அங்கே ஓய்வும் தண்ணீரும் பாதுகாப்புக்கான தேவைகள்.

எந்த ஐவர் சேர்ந்தால் நல்லது?

12 பேரிலிருந்து ஐவரைத் தேர்ந்தெடுக்க 792 வழிகள் உள்ளன. பந்தை நடத்திச் செல்பவர் நால்வர், பக்க ஆட்டக்காரர் ஐவர், உயரமான நடு ஆட்டக்காரர் மூவர் என்று வைத்துக்கொள்வோம். முறையே இருவர், இருவர், ஒருவர் தேவை என்றால் வழிகள் 6 × 10 × 3 = 180 ஆகக் குறையும். அத்தனையையும் நட்புமுறை ஆட்டங்களில் சோதித்துப் பார்க்க நேரம் போதாது.

இங்கே ஒரு பொறியும் உண்டு. ஓர் ஐவர் குழு நான்கு நிமிடம் ஆடி எதிரணியைவிட 6 புள்ளி கூடுதலாக எடுத்தது என்போம். அதுதான் சிறந்த குழுவா? இரண்டு மூன்று பந்துகள் அதிர்ஷ்டத்தால் விழுந்திருக்கலாம். எதிரணியின் சிறந்தவர் அப்போது வெளியே இருந்திருக்கலாம். ஒரே ஒரு விதையை நட்டு உரத்தைப் பற்றி முடிவு சொல்வோமா? தரவு குறைவாக இருக்கும்போது முடிவை மாற்றத் தயாராக இருப்பவரே நல்ல பயிற்றுநர்.

நம் ஊர் வெற்றி

கிள்ளான் துறைமுகத்து வெஸ்ட்போர்ட்ஸ் நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய வெஸ்ட்போர்ட்ஸ் மலேசியா டிராகன்ஸ் அணி, 2016இல் ஆசியான் கூடைப்பந்து லீக் வெற்றியாளரானது. சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸ் அணியுடன் நடந்த இறுதித் தொடர் ஐந்தாவது ஆட்டம் வரை நீண்டு 3-2 என்று முடிந்தது. ஐந்து ஆட்டங்கள் என்றால், கூடுதல் நேரத்தைச் சேர்க்காமலே 1,000 ஆட்ட நிமிடங்கள். ஐவர் மட்டும் சுமக்கக்கூடிய சுமையா அது?

நீங்களே செய்து பாருங்கள்

உடலைச் சூடேற்றியபின், திடலின் 15 மீட்டர் அகலத்தை முழு வேகத்தில் ஆறு முறை கடந்து நேரத்தைக் குறியுங்கள். 30 விநாடி ஓய்வு விட்டு இதையே மேலும் இரு சுற்றுகள் செய்யுங்கள். மற்றொரு நாள், அதே வேளையில், மூன்று நிமிட ஓய்வு விட்டு மூன்று சுற்றுகளையும் ஓடுங்கள். இரு நாள்களிலும் மூன்றாம் சுற்று முதல் சுற்றைவிட எவ்வளவு தாமதமானது என்று ஒப்பிடுங்கள். ஆசிரியரின் மேற்பார்வையில் செய்யுங்கள். தண்ணீர் அருகில் இருக்கட்டும்.

முகம் வாடிய அந்த மாணவனுக்குச் சொல்லவேண்டியது இதுதான்: தம்பி, அந்தத் தாளில் இருப்பது முதல் சில நிமிடங்களுக்கான பட்டியல். முதல் ஐவர் மூச்சு வாங்கும் வேளையில், ஓய்ந்த கால்களோடு நீ உள்ளே வருவாய். அந்த நிமிடங்களும் 200இல் சேர்ந்தவைதாம்.