கதிரடிக்கும் இயந்திரம்: எந்த உதிரிப் பாகத்தை எங்கே வாங்கலாம்?

தென்காசி மாவட்டம், திருவேங்கடம் வட்டாரக் கரிசல் நிலங்களில் வடகிழக்குப் பருவமழையை நம்பி உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம் ஆகியவை மானாவாரியாகப் பயிரிடப்படுகின்றன. அறுவடை களத்தில் குவிந்திருக்கும் நேரத்தில் கதிரடிக்கும் இயந்திரம் பழுதாகி, மழையும் பிடித்துக் கொண்டால் தானியம் பூசணம் பூத்துவிடும். இந்த அவசரத்தில் கிடைத்த பாகத்தை மாட்டிவிட்டுப் பின்னர் நஷ்டப்படும் உழவர்கள் பலர். கம்பெனிப் பாகமே வேண்டுமா, வெளிக்கடைப் பாகம் போதுமா என்பதை முன்கூட்டியே அறிந்து கொள்வது நல்லது.

வெளிக்கடையில் வாங்கக்கூடியவை

பேரிங், வி-பெல்ட், போல்ட், நட்டு ஆகியவை பொது அளவில் தயாராகின்றன. எண் பார்த்து, நல்ல தயாரிப்பாக எந்தக் கடையிலும் வாங்கலாம். 6205 எண் பேரிங் யார் தயாரித்தாலும் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மில்லிமீட்டர்தான். பி-72 என்ற பெல்ட்டில் 'பி' என்பது பருமனையும், 72 என்பது அங்குலத்தில் நீளத்தையும் குறிக்கும். பல பெல்ட்டுகள் சேர்ந்து ஓடும் புல்லியில் ஒன்று அறுந்தாலும் எல்லாவற்றையும் ஒரே செட்டாக மாற்ற வேண்டும்.

பெயர் பெற்ற நிறுவனங்களின் அட்டைப் பெட்டியில் போலிப் பேரிங்குகளும் வருகின்றன. விலை மிகக் குறைவாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும். ரசீது தராத கடையில் வாங்கக் கூடாது.

கம்பெனியில் வாங்க வேண்டியவை

சல்லடை, டிரம், டிரம்மின் பற்கள் ஆகியவை அந்தந்த இயந்திரத்திற்கென அமைந்தவை. சல்லடைக் கண் பெரிதானால் தூசி தானியத்தோடு விழும். சிறிதானால் தானியம் உள்ளேயே சுழன்று உடையும். பற்களின் எடை ஏறுமாறாக இருந்தால் டிரம் அதிர்ந்து, புதிய பேரிங்கும் விரைவில் கெடும். ஆகவே எதிரெதிராக உள்ள பற்களைச் சம எடையில், ஜோடியாகவே மாற்ற வேண்டும்.

புல்லியின் அளவையும் மாற்றக் கூடாது. 1440 சுற்று மோட்டாரில் 4 அங்குலப் புல்லியும், டிரம்மில் 8 அங்குலப் புல்லியும் இருந்தால் டிரம் 720 சுற்று சுற்றும். டிரம் புல்லி 7 அங்குலமானால் வேகம் ஏறக்குறைய 823 சுற்றாகிவிடும். உளுந்து உடைந்தால் விலையும் போயிற்று, விதைக்கும் உதவாது.

கையைக் காக்கும் பாகம்

கதிர் ஊட்டும் வாயின் மூடியைக் கழற்றிவிட்டுத் தகரத்தை வளைத்துப் பொருத்துவது பேராபத்து. கைகள் பறிபோனதால்தான் 1983-இல் அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. இந்தப் பாகத்தில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

பேரிங், பெல்ட் எண்களை இயந்திரத்தின் மீதே பெயிண்டால் எழுதி வைக்கவும். அறுவடைக்கு முன்பே ஒரு செட் வாங்கி வைத்துக் கொண்டால், களத்தில் கதிர் காத்துக் கிடக்காது.