நாவல்களும் மெய்யான அபிப்பிராயமும்

நாவல் படிப்பதைத் தேசத் தொண்டர்களில் பலர் வெளியில் ஒப்புக்கொள்வதில்லை. ஒப்புக்கொள்பவர்களோ, பிரபலமான நூலென்றால் புகழ்ந்தே தீரவேண்டுமென்று கருதுகிறார்கள். கோர்ட்டு வேலை முடிந்து இரவில் விளக்கருகே புத்தகத்துடன் அமரும் ஸாதாரண வாசகனுக்கு அந்த நிர்ப்பந்தம் ஏன்? மனத்திற்பட்டதை உள்ளபடி சொல்லுவோம்.

பங்கிம் சந்திரரின் 'ஆனந்தமடம்' 1882-ல் புத்தகமாயிற்று. 'வந்தே மாதரம்' கீதம் அடங்கிய நூலாதலால் அதைப் பூஜையில் வைத்திருக்கிறோம். பிரித்துப் படித்தவர் சிலரே. 1770-ஆம் வருஷத்து வங்கப் பஞ்சத்தைக் காட்டும் ஆரம்ப அத்தியாயங்கள் நெஞ்சை உலுக்குகின்றன. மகேந்திரனும் கல்யாணியும் குழந்தையுடன் ஊரைவிட்டுப் புறப்படுமிடத்தில் புத்தகத்தைக் கீழே வைக்க மனம் வராது. பின்னால் வரும் யுத்தங்களை நம்மால் நம்ப முடியவில்லை. முடிவோ திடுக்கிடச் செய்கிறது. வெற்றிபெற்ற சத்தியானந்தரிடம் ஒரு மகாபுருஷர் வந்து, ஆங்கிலேயர் ஆட்சியே இப்போது ஏற்பட வேண்டுமென்றும், அவர்களிடமிருந்து லௌகிக ஞானம் கற்க வேண்டுமென்றும் கூறி, போரை நிறுத்தி அவரை அழைத்துச் செல்கிறார்! ஆசிரியர் அரசாங்க உத்தியோகஸ்தர், ஆகையால் அப்படி எழுத நேர்ந்தது என்று சமாதானம் சொல்வோர் உண்டு. இருக்கலாம். முகம்மதியரைப் பற்றி அந்நூலில் வரும் மொழிகளும் கசக்கவே செய்கின்றன. கீதத்தின் முதலிரண்டு சரணங்களையே பாடுவதென்று காங்கிரஸ் காரியக் கமிட்டி 1937-ல் தீர்மானித்ததற்கு முகம்மதியர்களின் ஆட்சேபமே காரணம். தாம் போற்றும் நூலில் இருப்பது இன்னதென்றறியாத தொண்டர், மாற்றார் அதைக் காட்டிக் கேட்கும்போது என்ன விடை கூறுவார்?

ராஜமையரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 'விவேக சிந்தாமணி'யில் வெளிவந்தது. ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்னும் தமிழ் வாத்தியார் வரும் பக்கங்களை இருமுறை படித்துச் சிரித்தோம். பிற்பாதியில் வேதாந்தம் புகுந்ததும் பாத்திரங்கள் மங்கிவிடுகின்றன. ஆசிரியர் 1898-ல் 26 வயதிலேயே காலமானார். எண்ணும்போது குறை சொல்ல நா எழவில்லை. டால்ஸ்டாயின் 'யுத்தமும் சமாதானமும்' நூலின் கடைசியில் வரும் சரித்திர தத்துவ விசாரணைக்கு அந்தத் தாட்சணியம் காட்டவில்லை. தாண்டிவிட்டோம்.

வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-ல் அச்சாயிற்று. உபதேசமும் உபகதைகளும் மிகுதி. பல பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனோம். ஆனால், மாயூரத்தில் முன்சீபாயிருந்த அவர், தமிழ்நாட்டுக் கோர்ட்டுகளில் தமிழ் வக்கீல்கள் இங்கிலீஷில் வாதிப்பதைக் கண்டிக்குமிடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தோம். அதுவும் உபதேசந்தான். அத்தொழிலிலிருக்கும் நமக்கு மறுமொழி அகப்படவில்லை.

டிக்கன்ஸின் 'பிளீக் ஹவுஸ்' நாவலும் நமது தொழிலைச் சுடுகிறது. இளமையில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவரல்லவா அவர்! கதாநாயகி எஸ்தரின் ஓயாத அடக்கம் அலுப்புத் தட்டுகிறது. தலைமுறைகளாக நடக்கும் ஜார்ண்டிஸ் வழக்கில் சொத்து முழுதும் செலவுக்கே தீர்ந்துபோவதும், தீர்ப்பு இதோ வருமென்று காகிதப் பையுடன் நாள்தோறும் கோர்ட்டுக்கு வரும் கிழவி மிஸ் பிளைட்டும் மறப்பதற்கில்லை. அவளைப் போன்றவர்களை நமது ஜில்லாக் கோர்ட்டுத் தாழ்வாரங்களில் காணாத வக்கீல் எவர்?