39 டாலர் 60 சென்ட் காதல்

வீட்டை விட்டு ஓடிய கோடீஸ்வரரின் மகளைக் கண்டுபிடித்தால் 10,000 டாலர் பரிசு. வேலை பறிபோன பத்திரிகையாளனுக்கு அது வேண்டாம். வழியில் தன் கையை விட்டுச் செலவான 39 டாலர் 60 சென்ட் மட்டும் போதும் என்கிறான். இவன் காதல் நிஜம்தான் என்று அப்பாவுக்குப் புரிந்துவிடுகிறது. நமக்கும்தான்.

ஃபிராங்க் காப்ராவின் 'இட் ஹாப்பன்ட் ஒன் நைட்' வெளியானது 1934இல். அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வேலையில்லாத காலம். பணக்காரப் பெண் பஸ்ஸில் இடிபட்டு, பசியில் கேரட் கடிப்பதைப் பார்த்து ரசிகர்கள் குதூகலித்தார்கள்.

நடித்தவர்களுக்குத்தான் நம்பிக்கை இல்லை. கிளார்க் கேபிள் எம்.ஜி.எம்.மிலிருந்து இரவலாக வந்தவர். க்ளாடெட் கோல்பெர்ட்டோ ஆஸ்கர் இரவன்று ரயிலேறக் கிளம்பிவிட்டார். அழைத்து வரப்பட்டு, பயண உடையிலேயே விருது வாங்கினார். சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, திரைக்கதை என ஐந்து முக்கிய ஆஸ்கர்களையும் அள்ளிய முதல் படம் இதுதான்.

இந்தியும் இந்தக் கதையை விடவில்லை. 1956இல் ராஜ் கபூர் - நர்கிஸின் 'சோரி சோரி'. 1991இல் ஆமிர் கான் - பூஜா பட்டின் 'தில் ஹை கி மான்தா நஹீன்'.

ஈர்ப்பின் ரகசியம் கண்ணியம். ஒரே அறை, இரண்டு கட்டில்கள், நடுவே கயிற்றில் தொங்கும் போர்வை. இருவரும் ஓயாமல் சண்டை போடுகிறார்கள், சரிசமமாக. திருமணத்துக்குப் பிறகுதான் போர்வை கீழே விழுகிறது. அப்போதும் கேமரா காதலர்களைக் காட்டுவதில்லை. மீதியை ரசிகர்களின் கற்பனைக்கே விட்டுவிடுகிறார் காப்ரா.